பதிவில் வேண்டாம்

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால், பென்சில் அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். நாடாளுமன்றக் கணக்குக் குழுவில் பதினேழு வருடமாகச் சுருக்கெழுத்து எடுக்கும் அவளுக்கு இதை யாரும் விதியென்று சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் கண்ணாடி மேசையில் கிடக்கும் நேரத்தில் பேசியதெல்லாம் காற்றோடு போகும். அவர் மறுபடி மாட்டிக்கொண்டதும் பென்சில் ஓடும். இப்படிக் காற்றோடு போனதை மட்டும் எழுதியிருந்தால் ஓர் அலமாரி நிறைந்திருக்கும்.

அன்றைக்கு விசாரணைக்கு வந்தது ஆம்புலன்ஸ் வாரியம். அவளுடைய தம்பி அங்கேதான் டிரைவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன் ஓட்டிய வண்டி மேம்பாலத்தின் நடுவில் நின்றுபோய், உள்ளே படுத்திருந்தவர் மருத்துவமனை போய்ச் சேராமலே இறந்துபோனார். வண்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று தம்பியை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், சாப்பிடமாட்டான். "நான்தான் கொன்னுட்டேனாக்கா?" என்று ஒருநாள் கேட்டான். இல்லையென்று சொன்னாள். அவன் நம்பவில்லை.

வாரிய இயக்குநர் நாலு அதிகாரிகளும் ஆறு கோப்புகளுமாக வந்து உட்கார்ந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். வண்டிகள் நடுவழியில் நிற்பது ஏன் என்று கேட்டதும், "எல்லாம் டிரைவர்களோட அலட்சியம்தான் சார். நடவடிக்கை எடுத்திருக்கோம்" என்றார் கூசாமல். சொந்தத் தம்பிமேல் போட்ட பழியைத் தன் கையாலேயே எழுதினாள். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

உறுப்பினர்களில் ஒருவர் முன்னாள் கணக்கு வாத்தியார். வரவுசெலவுப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "வண்டி ரிப்பேருக்குன்னு நாங்க ஒதுக்கினதுல முக்கால்வாசியை ரிப்பேருக்குச் செலவு பண்ணவே இல்லையே. உங்க தலைமையகக் கட்டடத்துக்கு மட்டும் ஒதுக்கினதைவிட ஜாஸ்தி செலவாயிருக்கு. அந்தப் பணம் எங்கேருந்து வந்துச்சு?"

இயக்குநர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதிவுல வேண்டாம். நீங்க மனசு விட்டுச் சொல்லுங்க."

"திறப்பு விழாவுக்குத் தேதி குடுத்துட்டாங்க சார். வேற வழியில்ல, ரிப்பேர் பணத்துலேருந்து எடுத்தோம்." இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பதினோரு வண்டி ரோட்டுக்கே வரக்கூடாதுன்னு ஒர்க்‌ஷாப்ல முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்க. நான்தான் ஓட்டச் சொன்னேன். மேம்பாலத்துல நின்னுச்சே, அதுவும் அந்தப் பதினொண்ணுல ஒண்ணுதான்."

இவ்வளவையும் டீ வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் சொன்னார். வாத்தியார் மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்தார். "நேரமாச்சு" என்று தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பென்சில் அக்கா அந்த நேரம் முழுக்கப் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. துணிந்து செய்தாள் என்று சொல்ல முடியாது. கை நிற்கவில்லை, அவ்வளவுதான்.

தட்டச்சு செய்த பிரதியைத் தூக்கிக்கொண்டு பிற்பகலில் அவளுடைய பிரிவு அதிகாரி ஓடிவந்தார்.

"என்னக்கா இது? தலைவர் கண்ணாடியைக் கழட்டினதைப் பாக்கலையா?"

"பார்த்தேன்."

"தம்பி விஷயம், கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக வேலைக்கே உலை வச்சுக்குவீங்களா? அந்த ஒரு பக்கத்தை எடுத்துடுங்க."

"எடுக்கணும்னா தலைவர் எழுதிக் கையெழுத்துப் போடணும்னு விதியில இருக்கு. கண்ணாடியைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. நீங்க வாங்கிட்டு வாங்க, இப்பவே எடுத்துடறேன்."

அவர் போகவில்லை. அவளே தலைவர் அறைக்குப் போனாள். தாழ்வாரம் நெடுக அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வாய் சோறு இறங்காமல் ஒருவன் வீட்டில் கிடக்கிறான். ஓட்டச் சொன்னவர் பிஸ்கட்டை டீயில் தொட்டுத் தின்றுவிட்டுக் கிளம்பிப் போகிறார். அவர் சொன்னதைக் கேட்டவர்களில் ஒருவருக்காவது பகீரென்றிருக்க வேண்டாமா? இதற்குப் பெயர் விசாரணையாம்! பதினேழு வருடம் பென்சிலைக் கீழே வைத்தவர்களில் தானும் ஒருத்தி என்பது அதைவிடச் சுட்டது.

தலைவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்குத் தெரியாததாம்மா? இதெல்லாம் நமக்குள்ள பேசிக்கறதுதானே."

"ஒரு மனுஷர் செத்திருக்கார் சார். அது நமக்குள்ள இல்ல."

அவள் ஒரு தாளை அவர்முன் வைத்தாள். ரிப்பேர் பணத்தைக் கட்டடத்துக்கு எடுத்ததாகவும், ஓடக்கூடாத வண்டிகளை ஓட்டச் சொன்னதாகவும் இயக்குநர் கூறிய பகுதி தலைவரின் உத்தரவுப்படி நீக்கப்படுகிறது என்று தட்டச்சு செய்திருந்தாள். கீழே கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம் விட்டிருந்தாள்.

"இது எங்க போகும்?"

"பதிவோட சேர்த்து எல்லா உறுப்பினருக்கும் போகும் சார். வாத்தியாருக்கும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்துத் திறந்தார். நிப்பு தாளைத் தொட்டு, அங்கேயே நின்றது. மேசையில் போன் அடித்து ஓய்ந்தது. நிப்பின் கீழே மை கடுகளவு ஊறி, மிளகளவாகப் பரவிக்கொண்டிருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.