முருங்கையடியில் முளைத்த மலை

ஆனி மாதச் சாரலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில், ஒரு குட்டி மலை முளைத்தது. தென்காசிப் பக்கம் சாரல் பிடித்தால் இப்படி முளைப்பது உண்டு. பெரும்பாலும் ஆடு மேய்ந்துவிடும்.

என் மகள் செண்பகவல்லிதான் அதை முதலில் பார்த்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நத்தை தேடப் போனவள் சேற்றுக் காலோடு அடுப்படிக்கு வந்தாள்.

"எம்மா, மலை ஒண்ணு கிடைச்சிருக்கு."

"எம்புட்டுப் பெருசு?"

"என் முட்டு வரைக்கும் வருது. மேகமும் இருக்கு."

போய்ப் பார்த்தேன். நல்ல மலை. அடிவாரத்தில் பாசி, நடுவில் புல், உச்சியில் பஞ்சுத் துண்டு அளவில் ஒரு மேகம். மேற்குப் பக்கம் நூல் போல ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. செண்பா விரலை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டு, குளிர்கிறது என்றாள்.

அவள் அப்பா திருப்பூரில் இருக்கிறார். வீட்டிலுள்ள சுத்தியல், ரம்பம், துளை போடும் மெஷின் எல்லாம் என்னுடையவை. கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து நான் வந்ததும் இருவரும் பின்பக்கம் போய்விடுவோம்.

முதலில் மலை நனையாமல் இருக்க ஒரு கூரை போட்டோம். மறுநாள் மேகம் கறுத்து, அருவி நின்றுவிட்டது. மலைக்கு முகம் வாடிப்போயிற்று. கூரையைப் பிரித்தோம். பிறகு மூங்கிலைப் பிளந்து, அருவித் தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போக வழி செய்தோம். அதற்குள் எறும்புகளுக்குச் சேதி தெரிந்து, சீசனுக்குக் குளிக்க வர ஆரம்பித்துவிட்டன. நெரிசலில் ஒன்றிரண்டு வழுக்கி விழுந்தன. ஈர்க்குச்சிகளை வைத்துக் கைப்பிடிக் கம்பி கட்டி, பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம் என்று தடுத்தோம்.

"வேலைக்குப் போற எறும்பெல்லாம் பொம்பளைங்கதான்ம்மா. டீச்சர் சொன்னாங்க" என்றாள் செண்பா.

அது சரிதான். ஆண்கள் பக்கம் காலியாகவே கிடந்தது. ஒரு மரவட்டை மட்டும் காலையில் வந்து நிதானமாகக் குளித்துவிட்டுப் போகும். ஒரு கறுப்பு வண்டு அடிவாரத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது.

மலை செண்பாவின் இடுப்பளவு வளர்ந்தபோது மேற்கே சாயத் தொடங்கியது. கம்பு ஊன்றி முட்டுக் கொடுத்தோம். கம்பு வளைந்தது. பெரிய கம்பாக ஊன்றினோம். அதுவும் வளைந்தது. செண்பா பள்ளிக்கூடம் விட்டதும் மலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"உள்ள என்னமோ சத்தம் கேக்குதும்மா."

நானும் காதை வைத்தேன். கல்லும் கல்லும் உரசுகிற மாதிரி, அடக்கி அழுகிற சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் துணி காயப்போடும்போது மேற்கே பார்த்தேன். மலை வரிசையில், பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. பக்கத்து வீட்டு இசக்கி மதினி மதில் அருகே வந்து குரல் கொடுத்தாள்.

"கோமு, ரயில்வே கேட்ல ஒரு மலை நிக்குதாம். கேட்டு திறக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு. உங்க வீட்டுக்குத்தான் வருது போல."

பத்து மணிக்கு மேல் அது எங்கள் தெருமுனைக்கு வந்து சேர்ந்தது. தெருவுக்குள் நுழைய இடம் போதவில்லை. காலி மனையில் ஒதுங்கி, மரங்களைச் சரிசெய்துகொண்டு நின்றது. ஹாரன் அடித்த வேன்காரரை அது ஒன்றும் சொல்லவில்லை.

செண்பா பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, அதன் மேல் முதுகை வைத்து நின்றாள்.

"நான்தான கண்டுபிடிச்சேன்? அவங்க தேடவே இல்ல."

"தேடித்தான வந்திருக்காங்க."

"இம்புட்டு நாள் கழிச்சா?"

"மலை நடக்கணும்லா. மெதுவாத்தான் வர முடியும்."

அவள் கதவை விட்டு நகரவில்லை. நான் அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவினேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வலுக்கட்டாயமாக அவளை விலக்கிவிட்டு மலையை எடுத்துப் போகவும் மனம் வரவில்லை. துருவி முடிக்கும்போது பின்பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது.

பழைய கட்டில் பலகையை இழுத்துப் போட்டு, தன் சின்ன சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றிவைத்திருந்தாள். ஆணி வளைந்திருந்தது. கன்னம் நனைந்திருந்தது.

"எம்மா, துளை மட்டும் நீங்க போட்டுத் தாங்க."

போட்டுக் கொடுத்தேன். வண்டி தயாரானது. எறும்புகளை இறங்கச் சொல்லிக் காத்திருந்தோம். வண்டு கடைசியாக இறங்கியது. மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி, மலையை அலுங்காமல் பலகையில் ஏற்றினோம். வாசற்படியில் சரிவுப் பலகை போட்டு இறக்கி, நான் இழுக்க, செண்பா பின்னாலிருந்து மேகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவில் எல்லோரும் பைக்கைத் தள்ளி நிறுத்தி வழிவிட்டார்கள்.

பெரிய மலை கொஞ்சம் குனிந்தது. குட்டி அதன் மடியில் ஏறி, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டது. அழுகைச் சத்தம் நின்றது.

செண்பா அண்ணாந்து பார்த்து, "லீவுக்கு அனுப்பி வைப்பீங்களா?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் மட்டும் கொஞ்சம் சாரல் விழுந்தது. மலை திரும்பி மேற்கே நடந்தது. சாயங்காலம் இடைவெளி மூடிவிட்டது. அன்று அவள் பின்பக்கம் போகவே இல்லை. தோசையை மட்டும் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, அவளுக்குக் காய்ச்சல் லீவு, நானும் கடைக்கு லீவு போட்டிருந்தேன். வாழையடியில் குந்தி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, இங்க மஞ்சளா ஒண்ணு படுத்துத் தூங்குது. தொட்டா சுடுது."

அதற்குள் மதிலுக்கு அப்பால் இசக்கி மதினியின் தலை தெரிந்தது.

"கோமு, எங்க வீட்டு மத்தியானத்தக் காணல. பொழுது காலையிலேயே நிக்குது. உலை வைக்க முடியல. உங்க பக்கம் வந்துச்சா?"

"இங்கதான் கிடக்கு, அத்தை" என்றாள் செண்பா.

துண்டைச் சுற்றி அதை மெதுவாகத் தூக்கி, மதில் மேலாகக் கொடுத்தாள். மதினி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அந்த வீட்டிலிருந்து சோறு வடிக்கிற வாசனை வந்தது.