கச்சானுக்குத் துருசு பூட்டிய அருமைநாயகம்

அருமைநாயகம் முப்பத்தொரு வருசம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர். அவர் துருசைத் திறந்தால் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும், பூட்டினால் நிற்கும். ஒரு மாரி வெள்ளத்தில் வான்கதவைத் தன்னந்தனியாகத் தூக்கிவிட்டதாகவும், ஒரு நிமிசம் பிந்தியிருந்தால் மட்டக்களப்பு முழுவதும் மிதந்துபோய் அந்தமானில் தட்டியிருக்கும் என்றும் ஆரையம்பதித் தேத்தண்ணிக் கடையில் இன்றைக்கும் சொல்லுவார். தேத்தண்ணி முடியும்வரை எல்லோரும் நம்புவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிசனை ஒரு மூன்றுமாத நாய்க்குட்டி தோற்கடித்தது.

வறுத்த கச்சான் கடலையின் நிறம், அதனால் பெயரும் கச்சான். பெட்டைக்குட்டி. அவர் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய உத்தரவுக்குக் காத்திருந்த ஒரே சீவன் அவள்தான். "இரு" என்றால் இருப்பாள். "வா" என்றால் வாலையும் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு வருவாள். இப்போது பத்து நாளாக அவள் சொல்லாமலே இருக்கிறாள். கதிரைக்குக் கீழே, அரிசிப் பானைக்குப் பக்கத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் என்று போகிற இடமெல்லாம் குந்துவாள், ஒரு கரண்டியளவு விடுவாள், எழும்பி இன்னோர் இடம் தேடுவாள். அவருடைய கணக்குப்படி ஒரு நாளைக்கு நூற்றுப் பதினாலு தரம். மட்டக்களப்பு வாவி ஒரு சாண் ஏறியிருந்தாலும் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

மனைவியின் பெயரும் கண்ணகை. கண்ணகை அம்மன் சடங்குக்கு விரதம் பிடித்திருந்தாள். வீடு தீட்டுத் துடக்கில்லாமல் இருக்க வேண்டிய நாட்கள். குட்டி நனைத்த இடமெல்லாம் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, திரும்பினால் அடுத்த இடம் நனைந்திருக்கும். அந்தக் கிழமை ஆரையம்பதியில் கறிக்கு மஞ்சள் கிடைத்ததே பெரிய காரியம்.

செவ்வாய்க்கிழமை விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. வாற திங்கக்கிழமை அம்மன்ட கோயில் கதவு திறக்கிற. அண்டைக்கு விடிய வீட்டுக்குள்ள ஒரு துளி கிடந்தாலும் இவள் தம்பியோட வட்டைக்குப் போவாள்."

தம்பி என்றது கோணாமலையை. தூரத்து வயல்வட்டையில் காவல் குடிசை போட்டிருப்பவன். "ஓம் அக்கா, எனக்கும் குரைக்க ஒண்டு வேணும்தான்" என்று அப்போதே ஒத்துக்கொண்டான்.

"அங்க யானை வாற, புள்ள!" என்றார் அருமைநாயகம். "யானைட நகத்துக்குக்கூட இவள் காணாது!"

"அப்ப நிப்பாட்டச் சொல்லுங்க. குளத்தையே நிப்பாட்டின ஆள்தானே நீங்க."

இந்தக் குத்தல் சும்மா போகவில்லை. மேலே துருசைப் பூட்டினால் கீழே வாய்க்கால் காயும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. கச்சானின் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். வைத்துவிட்டு, பழையபடி உத்தியோகத்தில் இருக்கிறவர்போல மீசையையும் தடவினார்.

புதன்கிழமை விடிய வாய்க்கால் காயவில்லை. கச்சான் குந்தினாள், முனகினாள், ஒரு சொட்டு வந்தது. எழும்பி மறுபடியும் குந்தினாள், மறுபடியும் ஒரு சொட்டு. அந்தச் சொட்டில் இலேசான சிவப்பு. அருமைநாயகத்தின் மீசை தானாகவே கீழே தொங்கியது. சேட்டுக்குத் தெறி பூட்டாமல் நெஞ்சு தெரிய, குட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் மிதித்தார். வழியில் இரண்டு பஸ்ஸை முந்தியதாகச் சொல்லுவார். இரண்டும் தரிப்பிடத்தில் நின்றவை.

வைத்தியர் அம்னா காத்தான்குடிப் பிள்ளை. முகத்தில் சிரிப்பே வராமல் பகிடி விடுவார். குட்டியின் அடிவயிற்றை அமர்த்திப் பார்த்தார். கச்சான் வீலென்றாள்.

"தண்ணி குடிக்கிறாளா, ஐயா?"

"இல்ல டொக்டர். நான் பூட்டிப்போட்டன்."

"எதப் பூட்டினீங்க?"

அவர் தன் துருசுக் கணக்கை விளக்கினார். அம்னா பேனையைக் கீழே வைத்தார்.

"ஐயா, வாய்க்காலுக்குள்ள சேறு இறுகினா என்ன செய்வீங்க? தண்ணிய நிப்பாட்டுவீங்களா, விட்டுக் கழுவுவீங்களா?"

"விட்டுக் கழுவுவம்" என்றார், குரல் உள்ளே போய்.

"இவளுக்கு மூத்திரப் பாதையில கிருமி பிடிச்சிருக்கு எண்டு நினைக்கிறன். குழப்படி இல்ல, வருத்தம். எரியிறதாலதான் அடிக்கடி குந்துற. முதல்ல போய்த் தண்ணி வைங்க. நாளைக்கு விடிய முதல் போற மூத்திரத்தச் சுத்தமான ஏனத்தில பிடிச்சு, உடன கொண்டு வாங்க. பார்த்துப்போட்டு மருந்து தாறன்."

சொல்லச் சுகம். வியாழன் விடிய அருமைநாயகம் கழுவிக் காயவைத்த அகப்பையோடு முற்றத்தில் இறங்கினார். அகப்பை என்றால் சோறு என்றுதான் கச்சான் படித்திருந்தாள். அவர் பின்னால் போனால் அவள் திரும்பி இருந்து வாயைத் திறந்தாள். அவர் குனிந்தால் அகப்பையை நக்கினாள். தென்னையைச் சுற்றி ஏழு தரம் ஓடினார்கள். முருங்கைக்குக் கீழே அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பூமி அதிர்ந்து வாவியில் மீன் துள்ளியது என்பது அவருடைய வாக்குமூலம்.

படிக்கட்டில் நின்று பார்த்த கண்ணகைக்குச் சிரிப்பில் புரையேறியது.

"விலகுங்க மனிசன்! பொம்பிளப் புள்ளைக்கு முன்னால இப்பிடியா நிக்கிற?"

உள்ளே போய் ஒரு தட்டத்தோடு வந்தாள். வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றாள். கச்சான் குந்தியதும், அப்பத்தைத் தாச்சியிலிருந்து எடுக்கிற லாவகத்தில் தட்டத்தைக் கீழே நீட்டி எடுத்தாள். எண்ணி மூன்று நொடி. பிடித்ததைக் கழுவிய போத்தலில் ஊற்றி மூடி, கச்சானையும் கூடையில் வைத்து அவர் மறுபடியும் வைத்தியரிடம் மிதித்தார்.

மூடியிருந்த போத்தலைக் கையில் வாங்கிய அம்னாவின் முகம் மாறியது. உள்ளே கிடந்தது மூத்திரத்தின் மஞ்சள் அல்ல. கோயில் கொடிச்சீலை மஞ்சள்.

"எப்ப இருந்து இந்த நிறம்?"

"ஏன் டொக்டர்?"

"இப்பிடி மஞ்சளெண்டா ஈரலையும் பார்க்க வேணும்."

அருமைநாயகம் குட்டியைக் கிட்ட இழுத்துக்கொண்டார். தண்ணீரைப் பூட்டினது அவர்தானே. ஒரு நாள்தான் பூட்டினேன், ஈரலே போகுமா என்று தனக்குள் கணக்குப் போட்டார். வட்டைக்கு அனுப்பினாலும் பரவாயில்லை, யானையோடு சினேகிதமாக இருந்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும் என்று முதல் தடவையாக நினைத்தார். கச்சான் மேசையில் இருந்து அவருடைய கைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அம்னா குட்டியின் கண்ணை விரித்துப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பார்த்தார்.

"கண் வெள்ளையா இருக்கு. முரசும் நல்ல நிறம். போத்தலுக்குள்ள மட்டும் காமாலை." போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கினார். அடியில் மெல்லிய தூள் படிந்திருந்தது. "ஐயா, வீட்டில ஆரும் விரதமா?"

அவர் அங்கேயே கண்ணகைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"புள்ள, அந்தத் தட்டம் என்ன தட்டம்?"

"மஞ்சத்தண்ணி தெளிக்கிற தட்டம்" என்றாள் கண்ணகை, ஊருக்கே கேட்கிற மாதிரி. "தண்ணிய ஊத்திப்போட்டுத்தான் பிடிச்சன். டொக்டர் சுத்தமான ஏனம்தானே கேட்ட? அத விடச் சுத்தமான ஏனம் இந்த வீட்டில எங்க இருக்கு?"

சிரிக்காத அம்னா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்தில் பயந்தோ, பயணக் குலுக்கலிலோ, கச்சான் மேசையிலேயே குந்தினாள். அம்னா சிரிப்பு அடங்காமலே கிண்ணத்தை எட்டி எடுத்துக் கீழே பிடித்தார். மஞ்சள் கலக்காத, கலப்படமில்லாத சரக்கு.

சோதனைக் காகிதக் கீலத்தை நனைத்தார், கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கிருமிதான். ஈரலுக்கு ஒன்றுமில்லை.

"காலையும் பின்னேரமும் இந்தப் பாணி மருந்த வாயில ஊத்துங்க. பத்து நாள். மூணாம் நாள் துள்ளித் திரிவாள், சுகமாயிட்டு எண்டு நிப்பாட்டப்படாது. முடிஞ்சதும் திரும்பக் காட்டுங்க. தண்ணி எப்பவும் இருக்க வேணும். அடிக்கடி வெளியில கொண்டு போங்க."

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது பெரும்போகத்து நீர் விநியோகம். நான்கு மூலையிலும் நான்கு கோப்பை. எழும்பியதும், சாப்பிட்டதும், தூங்கி விழித்ததும் முற்றம். நல்ல இடத்தில் போனால் கைதட்டு. அவர் கைதட்டிய தட்டில் பக்கத்து வளவுக் காகங்கள் கல்லாறுவரை பறந்தன. வெள்ளிக்கிழமை மூன்று துளி. சனிக்கிழமை ஒன்று. ஞாயிறு முழுக்க ஒன்றுமில்லை. மருந்துப் போத்தலைக் குலுக்குகிற சத்தம் கேட்டுப் போனால், அவருக்கு முன்னரே கண்ணகை குட்டியின் வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

"விரதக்காரி நாயத் தொடலாமா?" என்றார்.

"நான் பிறகு முழுகுவன். உங்கட கை நடுங்கி மருந்தெல்லாம் மூக்குக்குள்ள போகுது, அதுதான்."

திங்கள் விடிய கோணாமலை ஒரு பெரிய காட்போட் பெட்டியோடு வந்தான். குட்டி தப்பி ஓடாமல் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான். பிறகு கதிரைக்குக் கீழே, பானைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று குனிந்து குனிந்து தேடினான்.

"என்ன அத்தான், காய்ஞ்சு கிடக்கு!"

"துடைச்சுப் போட்டோம் எண்டு நினைக்கிறியா, மச்சான்? மோந்து பார்."

அப்போதுதான் கச்சான் எழும்பினாள். சோம்பல் முறித்தாள். நிலத்தை மணந்து வீட்டு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டாம் சுற்று. அருமைநாயகம் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தான் பாய்ந்து தூக்கினால் பந்தயம் கள்ளமாகிவிடும். கோணாமலை பெட்டியை விரித்தான்.

கச்சான் மூன்றாம் சுற்றுச் சுற்றவில்லை. நேரே கதவடிக்குப் போய், தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்து, "ம்ம்" என்றாள்.

"ஐயோ கேக்கிறாள்! கேக்கிறாள்!" தீர்ப்புச் சொன்ன கண்ணகையே சேலையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். தம்பியை ஒரு தள்ளு. தாழ்ப்பாளை ஓர் இழுவை. "ஓடுடி என்ட தங்கம்!"

கச்சான் மூன்று படியையும் ஒரே பாய்ச்சலில் தாண்டி, முற்றத்து மணலில் குந்தினாள். முனகவில்லை. சொட்டுச் சொட்டாக இல்லை. நிறுத்தாமல், நிறைவாக, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு விட்டாள். உன்னிச்சைக்குளம் வான்பாய்ந்தபோதுகூட இவ்வளவு நேரம் பாயவில்லை என்றார் அருமைநாயகம். கைதட்ட வேண்டியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால், கண்ணகைதான் தட்டினாள்.

கோணாமலை பெட்டியை மடிக்கத் தொடங்கினான்.

"மடிக்காத தம்பி, அப்பிடியே வைச்சிட்டுப் போ" என்றாள் கண்ணகை. "என்ட பழைய சேலை ஒண்டப் போட்டா அவளுக்குப் படுக்க நல்லம்."