செம்மண் நிறத் தாராவுக்கு ஒரு சாட்சி

வல்லைப் பாலத்துக்கு இப்பால் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நீர்க்காகங்களை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் சிவகௌரி அந்தத் தாராவைக் கண்டாள். ஊசிவால் தாராக்கள், வலசை வந்த காட்டு வாத்துகள், நூறு இருநூறாய் மிதந்துகொண்டிருந்த கடல்நீரேரியின் ஓரச் சேற்றில் அது தனியே நின்றது. உடம்பெல்லாம் செம்மண் நிறம், தலை மட்டும் வெளிறியிருந்தது. இலங்கைக்கு எப்போதாவது ஒரு தடவை வழிதவறி வருகிற பறவை. புத்தகத்துப் படத்தில் பார்த்ததோடு சரி. தொலைநோக்கியை இறக்கிக் கைபேசியை எடுப்பதற்குள், சற்றுத் தள்ளி மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து சாக்கை உதறினார். தாரா எழும்பியது. செட்டையில் பெரிய வெள்ளை விரிந்தது. கரகரத்த குரலில் ஒரு தடவை கூவிவிட்டுத் தெற்கே போய் மறைந்தது.

அந்த மனிதரும் அண்ணாந்து பார்த்தார். பிறகு சிவகௌரியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஏரம்பு, அவளுடைய கணவன் கோகுலனின் அண்ணை. பதினொரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சிவகௌரி அச்சுவேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுதும் நுண்ணோக்கியில் இரத்த அணுக்களை எண்ணிப் பழகிய கண். அவள் எழுதிக் கொடுக்கிற எண்ணிக்கையை எந்த டொக்டரும் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னதில்லை. ஆனால் பறவை பார்க்கிறவர்களின் வட்ஸ்அப் குழுவில் அவள் புதியவள். தாராவைப் பற்றி எழுதியதும் யாரோ சிரிப்புப் படம் போட்டார்கள். பதிவுகளைச் சரிபார்க்கிற கிருபைரட்ணம், ஓய்வுபெற்ற ஆசிரியர், மறுநாள் தொலைபேசி எடுத்தார்.

"பிழையா நினைக்காதையுங்கோ தங்கச்சி. இவ்வளவு அரிதான பறவை, படமும் இல்லை. உங்களைத் தவிர வேறை ஆரும் கண்டவையோ?"

"ஓம் சேர், ஒராள் கண்டவர்," என்று சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள்.

அன்று முழுதும் வேலை ஓடவில்லை. இப்படி ஒரு கேள்வியை யாராவது பதினொரு வருடத்துக்கு முன்பு அவளிடம் கேட்டிருக்கலாம். காணி பிரித்த பிறகு, எல்லைக் கல்லை அண்ணை பெயர்த்து நட்டுவிட்டார் என்று கோகுலன் மத்தியஸ்த சபைக்குப் போனான். அதற்குச் சில நாள் முன்பு, விடியற்காலை கிணற்றடிக்குப் போன சிவகௌரி எல்லையோரம் குனிந்து நின்ற ஒரு முதுகைக் கண்டிருந்தாள். முதுகும் இடுப்பில் உடுத்த சாரமும்தான். சபையில், "பெரியத்தான் கல்லைப் பெயர்த்ததை என்ரை கண்ணாலை கண்டனான்," என்றாள். படித்தவள், பொய் சொல்லமாட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள். ஏரம்பு ஒரு வார்த்தை கதைக்காமல் இணக்கத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு எழும்பிப் போனார். அந்த வருடமே மனைவியின் ஊரான புத்தூருக்குக் குடிபோய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் அவள் புத்தூருக்கு ஸ்கூட்டியை விட்டாள். ஏரம்புவின் மனைவி குணலட்சுமி கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "இஞ்சருங்கோ, ஆள் வந்திருக்கு," என்றாள்.

சிவகௌரி முற்றத்தில் நின்றபடியே கேட்டாள். "பெரியத்தான், ஞாயிற்றுக்கிழமை வல்லையிலை ஒரு தாரா எழும்பினது. நீங்கள் கண்டனீங்கள்தானே?"

"ஓம், கண்டனான்."

"அதை ஒரு தாளிலை எழுதித் தருவீங்களோ? நான் சொன்னாப் பறவை பாக்கிறவை நம்பீனமில்லை."

"எங்கடை சாட்சி இப்ப உங்களுக்குத் தேவைப்படுதோ?" என்றாள் குணலட்சுமி. ஏரம்பு அவளைக் கையமர்த்திவிட்டு ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து வந்தார். கதிரையில் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லாக, எழுதியதை வாசித்தபடியே எழுதினார். உடம்பு செம்மண் நிறம். செட்டையில் வெள்ளை. வாத்தைவிடச் சற்றுப் பெரிது.

"தலை வெளிறின நிறம் பெரியத்தான். அதுதான் முக்கியம், அதையும் எழுதுங்கோ."

"தலையை நான் காணேல்லை பிள்ளை. எழும்பினாப் பிறகுதானே பாத்தனான்."

"நான் வடிவாக் கண்டனான். வெளிறித்தான் இருந்தது."

"நீ கண்டிருப்பாய். நான் காணேல்லை. காணாததை என்னெண்டு எழுதுறது?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே அவருக்கு எழுத முடியவில்லை, அவ்வளவுதான். அவர் குத்திக் கதைத்திருந்தால் அவள் தாளை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். இப்போது போக மனம் வரவில்லை.

"அண்டைக்கு நானும் முகத்தைக் காணேல்லை," என்றாள். "முதுகைத்தான் கண்டனான். கல்லைத் தொட்டதையும் காணேல்லை. உங்கடை தம்பி சொன்னதைத்தான் நான் கண்டனெண்டு சொன்னனான்."

குணலட்சுமி கூட்டின் படலையைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். ஏரம்பு கையெழுத்து வைத்து, திகதி போட்டு, தாளைக் கிழித்து நான்காக மடித்தார்.

"அது நான்தான் பிள்ளை," என்றார். "ஆடு பிரிச்ச வேலியைக் கட்டிக்கொண்டு நிண்டனான். கல்லிலை கை வைக்கேல்லை. ஒருக்காக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

தாளை வாங்கிக்கொண்டாள். அழுதுகொண்டே போய் ஸ்கூட்டியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கோகுலனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "உன்னை ஆர் அங்கை போகச் சொன்னது?" என்று கத்தினான். வேலி பற்றிச் சொன்னதும் நிறுத்தினான். அந்த வருட மாரிமழைக் காலத்தில் ஆடு வேலியைப் பிரித்ததோ என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. சாப்பிடாமல் எழும்பி மோட்டர் போட்டு, ஏற்கெனவே இறைத்திருந்த வாழைகளுக்கு மறுபடியும் தண்ணீர் விட்டான்.

வெள்ளிக்கிழமை, அவள் அனுப்பிய தாளுக்குக் கிருபைரட்ணத்தின் பதில் வந்தது. 'இரண்டாவது சாட்சி தலையைக் காணாதபடியால் பதிவு நிலுவையில் இருக்கும். ஆனால் அந்த ஐயா எழுதின விதம் எனக்குப் பிடிச்சிருக்கு.' அதை அவள் இரண்டு தடவை வாசித்தாள். நினைத்த அளவு கவலை வரவில்லை.

ஞாயிறு காலை அவள் புறப்படும்போது கோகுலன் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "நானும் வாறன்."

வல்லையில் பனி இன்னும் கலையவில்லை. தாராவைக் காணவில்லை. வந்திருந்த பூநாரைகளை அவள் பத்துப் பத்தாக எண்ணி எழுதிக்கொண்டிருந்தாள். கோகுலன் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கினான். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான். பிறகு மெல்ல மெல்லக் கரைப்பக்கம் திருப்பினான். அங்கே ஒருவர் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

பூநாரைகள் எல்லாம் ஒருமிக்க எழும்பி அவர்களின் தலைக்கு மேலாகப் போயின. கோகுலன் அண்ணாந்து பார்க்கவில்லை.