கை நீட்ட விடாத கார்

மாஸ்டருக்குத் தொண்டை பெரிது. அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள், அந்தக் குரலை நினைத்தால் நடக்கும்போதுகூட வலது கால் பிரேக்கைத் தேடுகிறது என்பார்கள். "கண்ணாடிய எதுக்கு வச்சிருக்கான், தல சீவவா?" "கியரப் போடச் சொன்னா பைக்குள்ள சில்லறை தேடற மாதிரி தேடற." வங்கி மேலாளரானாலும் பல் மருத்துவரானாலும் காருக்குள் ஏறிவிட்டால் ஒரே மரியாதைதான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவரிடம் படித்தால் முதல் முறையிலேயே தேறிவிடலாம் என்று பேர் இருந்தது.

ஒரே ஒருவரிடம் மட்டும் அந்தத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் மாஸ்டரின் மாமியார். இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும் தோற்றிருந்தார்.

கணவர் இறந்த பிறகு அத்தை, தன் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், நாலாவது மாடி. கூடத்து சோபாவை விரித்தால் கட்டில். மகளும் மருமகனும் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போகும்வரை அதை விரிக்க முடியாது. விடிந்ததும் மாஸ்டர் தண்ணீர் குடிக்க வருவதற்குள் மடித்தாக வேண்டும். அத்தையின் புடவைகள் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. அவர் எதையும் குறை சொன்னதில்லை. தும்மல் வந்தால் பால்கனிக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார்.

உள்ளே இருந்தவர்கள் நிலையும் அப்படித்தான். மாஸ்டரும் மனைவியும் சண்டையைக் கிசுகிசுப்பாகப் போடப் பழகியிருந்தார்கள். பெரிய சண்டை என்றால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போட்டார்கள்.

அத்தை முன்பு ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். அங்கே கூட இருந்த சிநேகிதி இப்போது ஊருக்கு வெளியே நர்சரி வைத்திருந்தாள். அலுவலகங்களுக்குத் தொட்டிச் செடிகளை வாடகைக்குக் கொடுக்கும் தொழில். செடிகளை வேனில் கொண்டுபோய் வைத்து, தண்ணீர் ஊற்றி, வாடியதைத் திருப்பி எடுத்துவர ஓர் ஆள் தேவைப்பட்டது. நர்சரிக்குப் பின்னால் ஓர் அறையும் இருந்தது. அத்தை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குடி."

லைசென்ஸ் வேண்டும். மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சிநேகிதி சொல்லியிருந்தாள். அதற்குள் மூன்றாவது தேர்வு வந்தது.

இரண்டு முறையும் அதிகாரி சொன்ன காரணம் ஒன்றுதான். ஆபத்து வந்தால் இந்த அம்மா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்.

ஏன் என்று மாஸ்டருக்குத் தெரியும். அத்தை ஓரக்கல்லை நோக்கிப் போனால் மற்றவர்களிடம் போல அவரால் கத்த முடியாது. "அத்தை, கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பார். வாக்கியம் முடிவதற்குள் கல் வந்துவிடும். சடாரென்று பிரேக்கை மிதித்து மாமியாரைக் குலுக்கவும் மனம் வராது. ஆகவே சத்தமில்லாமல் கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடுவார். நாலைந்து முறை அப்படி நடந்தபின் அத்தையும் பழகிக்கொண்டார். முன்னால் ஏதாவது வந்தால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை கை வரட்டும் என்று காத்திருந்தார். தேர்வு அதிகாரியின் கை அப்படி வருவதில்லை.

இந்த நேரத்தில்தான் பழைய கார் கைவிட்டுவிட, மாஸ்டர் புது கார் வாங்கினார். பயிற்சிக்கான இரண்டாவது பிரேக்கும் கிளட்சும் பொருத்தி, கூரையில் பலகை மாட்டி, எல்லாம் ஆனது. பெல்ட்தான் சரியாக வரவில்லை.

கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் பிடித்துக்கொள்ளும். மெதுவாக பிரேக் போட்டாலும் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் நிறுத்தினால் காரணமே இல்லாமல் பிடிக்கும். பிடித்தால் சும்மா இருக்காது, உள்ளே ஏதோ மோட்டார் முனக, ஆளை இருக்கையோடு சேர்த்து இழுக்கும். இழுக்க இழுக்க இறுகும். கழற்றிவிட்டு ஓட்டினால் கார் அலறத் தொடங்கும். கொக்கியை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அலறலை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு மாணவரிடமும் மாஸ்டர் சொல்லும் முதல் வார்த்தையே "பெல்ட்ட மாட்டு" என்பதுதான். அவர் எப்படி ஏமாற்றுவது?

விற்பனையகத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்த இளைஞன் மடிக்கணினியை இணைத்துப் பார்த்தான்.

"சார், பெல்ட்ல ஒரு கோளாறும் இல்ல."

"பிடிச்சா விட மாட்டேங்குதுப்பா."

"கொஞ்சம் உஷாரான பெல்ட் சார். நீங்க இருக்கையில ரொம்ப ஆடறீங்கன்னு காட்டுது."

"நான் ஆடறேனா?"

"பக்கத்து சீட்டுப் பக்கமா அடிக்கடி சாயறீங்க சார். எங்க பதிவுல அப்படித்தான் வருது."

மாஸ்டர் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு பெல்ட் தன்மேல் புகார் கொடுத்ததுபோல் இருந்தது.

அன்று மாலை அத்தைக்கு வகுப்பு. சந்தைக்குப் பின்னால் இருந்த கிடங்குத் தெரு. முன்னால் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. அத்தை அதை நோக்கி நேராகப் போனார். ஒதுங்க நிறைய இடம் இருந்தது. ஒதுங்கவில்லை. வேன் நெருங்கியதும், வழக்கம்போல, இரண்டு கைகளும் மடிக்கு வந்தன.

மாஸ்டர் கையை நீட்டினார். பெல்ட் பிடித்துக்கொண்டது. தோள் பின்னுக்குப் போனது. இழுத்த இழுப்பில் கால் பெடலைவிட்டு மேலே எழும்பியது. விரல் நுனிக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அவர் எக்கினார். இன்னும் இறுகியது. வேனின் பின்கதவில் யாரோ தூசியில் விரலால் எழுதிய எழுத்துகள் படிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டன.

"ஏய் எரும, கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? ஸ்டீயரிங்கப் புடி! மிதி!"

அத்தை பிடித்தார். மிதித்தார். கார் நின்றது.

வேன் கதவு அசையாமல் எதிரில் நின்றது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இறக்கும் சத்தம் கேட்டது. மாஸ்டருக்குக் காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்றால் பெல்ட் விடவில்லை. மார்பைக் குறுக்கே பிடித்து, மாமியாருக்குப் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்திருந்தது.

"அத்தை... நான் வந்து..."

"இவ்வளவு நாளா இது எங்க இருந்துச்சு மாப்ளே?"

"எது அத்தை?"

"இந்தத் தொண்ட."

அத்தை எஞ்சினை அணைத்தார்.

"ரெண்டு தடவ தோத்துட்டு வந்திருக்கேன். கீழ் வீட்டுப் பொண்ணு உங்ககிட்ட திட்டு வாங்கி ஒரே தடவையில தேறிட்டா. நான் பாட்டுக்கு மரியாதைய வாங்கிக்கிட்டு சோபாவுல படுத்திருக்கேன்."

"வாய் தவறி வந்திருச்சு அத்தை."

"இனிமே தவறாம வரட்டும். வீட்டுல அத்தையா இருந்துக்கறேன். இங்க வேணாம்." பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் மூச்சப் புடிச்சிருக்கீங்க? சாஞ்சு உக்காருங்க. அதுவே விட்டுரும்."

சாய்ந்தார். விட்டுவிட்டது.

அதன்பின் வகுப்புகள் வேறு மாதிரி நடந்தன. மாஸ்டர் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வாயால் ஓட்டினார். முதலில் ஒவ்வொரு திட்டுக்குப் பின்னும் மன்னிப்புக் கேட்டார். "மன்னிப்பு கேட்கற நேரத்துல சந்து போயிருச்சு" என்று அத்தை அதட்டியதும் அதை நிறுத்தினார். சுற்றுவட்டத்தில், ஏற்றத்தில், பள்ளி விடுகிற நேரத்து நெரிசலில், அத்தையின் கைகள் ஸ்டீயரிங்கிலேயே இருக்கப் பழகின.

சாப்பாட்டு மேசையில் அத்தை சிரித்துக்கொண்டே சொல்வார்: "இன்னிக்கு உன் வீட்டுக்காரர் என்னை மரக்கட்டைன்னார்டி."

மகள் சிரிக்கவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் கிசுகிசுப்பு ஆரம்பமானது.

"எங்கம்மாவ மரக்கட்டைங்கறீங்க?"

"அவங்கதான் திட்டச் சொன்னாங்க."

"இத்தன நாள் ஏனோதானோன்னு சொல்லிக் குடுத்தீங்க. இப்ப என்ன திடீர்னு அக்கறை? சீக்கிரம் போய்த் தொலையட்டும்னா?"

"மெதுவா பேசு. நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"அவங்க போயிட்டா இந்த வீட்டுல யாரு இருக்கா?"

"ஏன், நான் இல்லயா?"

அவள் விளக்கை அணைத்தாள். கூடத்தில் சோபா விரிக்கப்படும் சத்தம், வலிக்காமல் விரிப்பதுபோல் மெதுவாகக் கேட்டது. இத்தனை நாள் அவர் கையை நீட்டியது மரியாதையால்தானா, அல்லது அந்த சோபா காலியாவதை அவரும் விரும்பவில்லையா என்று மாஸ்டருக்கே தெளிவாக இல்லை. அத்தை வெளியே கூடத்தில் இருக்கும்வரைக்கும் உள்ளே எந்தச் சண்டையும் கைமீறிப் போகாது.

தேர்வு நாளன்று அதிகாரி முன்னிருக்கையில், மாஸ்டர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். பருத்த உடம்பு. மாஸ்டருக்குப் பின்னிருக்கை. விதிப்படி அவர் வாயைத் திறந்தால் அத்தை தோல்வி. அதிகாரி கையோ காலோ குறுக்கே வந்தாலும் தோல்வி. பின்பெல்ட்டும் முன்பெல்ட்டுக்குச் சளைத்ததில்லை. கிளம்பும்போதே அவரை ஒரு முறை பிடித்து, சோதித்து, விட்டது.

கடைத்தெரு முடிந்தது. சுற்றுவட்டம் முடிந்தது. பிறகு பாலத்து ஏற்றத்தில் சிவப்பு விளக்கு. பின்னால் சரக்கு லாரி ஒன்று வந்து ஒட்டி நின்றது. பின்கண்ணாடி முழுக்க அதன் முகம்.

பச்சை விழுந்தது. அத்தை கைப்பிரேக்கை விட்டார். கிளட்ச் பிடிக்கவில்லை. கார் பின்னால் நகரத் தொடங்கியது.

மாஸ்டர் முன்னால் பாய்ந்தார். பெல்ட் அவரை மார்போடு சேர்த்து அறைந்தது. வாய்வரை வந்த 'எரும' அங்கேயே நின்றது. அதை விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல், லாரி பெரிதாவதை முதுகால் உணர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் அதிகாரியின் கையும் கைப்பிரேக்கை நோக்கிக் கிளம்பியதைக் கண்டார். போயிற்று என்று நினைத்தார்.

அந்தக் கை போய்ச் சேரவில்லை. மோட்டார் முனகியது. அதிகாரியின் பருத்த தோள் பின்னுக்கு இழுபட்டு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. கை காற்றில் நின்றது. காலும் தரையைவிட்டு எழும்பி நின்றது.

அத்தை யாரையும் பார்க்கவில்லை. இடது கை கைப்பிரேக்கை ஏற்றியது. வலது கை ஸ்டீயரிங்கை விடவில்லை. கார் நின்றது. கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் குரல் மாறும்வரை காத்திருந்து, கைப்பிரேக்கை இறக்கினார். கார் ஏற்றத்தில் ஏறியது. லாரிக்காரன் ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் பின்தொடர்ந்தான்.

"என்னய்யா பெல்ட் இது?" அதிகாரி மூச்சு வாங்கினார். "மாமியா மாதிரி புடிக்குது."

பின்னிருக்கையில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சாஞ்சு உக்காருங்க சார்," என்றார் அத்தை, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாமியா விட்டுருவா."

அலுவலக வாசலில் இறங்கிய அதிகாரி சட்டையைச் சரிசெய்துகொண்டார். குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்: "கை எடுக்கல. இந்தத் தடவ பாஸ்மா." மாஸ்டரைப் பார்த்து, "அந்த பெல்ட்ட மொதல்ல மாத்துங்க," என்றுவிட்டுப் போனார்.

அத்தை ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி வரட்டுமா அத்தை?"

"வேணாம் மாப்ளே. அங்கயே இருங்க. நான் ஓட்டறேன்."

கார் கிளம்பியது. வீட்டுக்குத் திரும்பும் சந்து வந்தது. போனது. மாஸ்டர் முன்னால் சாய்ந்தார்.

"அத்தை, நம்ம தெரு அது."

"தெரியும்."

பெல்ட் பிடித்துக்கொண்டது. கட்டடங்கள் குறைந்து வெயில் அகலமாயிற்று. தூரத்தில் நர்சரியின் கண்ணாடிக் கூரை மின்னியது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவியாகத்தான் இருக்கும். எடுக்கப் பார்த்தார். பெல்ட் சரியாக அந்தப் பையின்மேல் இறுகியிருந்தது. விரல் நுழையவில்லை.

"சாஞ்சுக்குங்க மாப்ளே," என்றார் அத்தை.

அவர் சாயவில்லை. போன் நெஞ்சின்மேல் அடித்துக்கொண்டே இருந்தது. இனி வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பேச வேண்டியதில்லை, குரலை உயர்த்தியே பேசலாம் என்று நினைத்துக்கொண்டார். அப்படி உயர்த்திப் பேசத் தனக்கும் மனைவிக்கும் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். போன் நின்றது. சற்றுப் பொறுத்து மீண்டும் அடித்தது.