வெளுக்கும் மஞ்சள்

பூச்சி தொடாத பதினொரு புத்தகங்கள் கிடைத்ததை நான் அதிர்ஷ்டம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழைய புத்தகங்களைப் பழுதுபார்க்கும் அறையில், இரண்டு வருடமாக எனக்கு ஒரு மேசை உண்டு. பைண்டிங் பற்றி ஆய்வு செய்கிறேன். எப்படித் தைத்தார்கள், எந்தப் பசை போட்டார்கள், அட்டையையும் உள்தாள்களையும் எதைக் கொண்டு இணைத்தார்கள் என்பதெல்லாம்தான் என் பாடம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு வேண்டாதது. எதிர் மேசையில் வேலை செய்யும் பைண்டர் அண்ணனுக்கு இதில் தீராத சிரிப்பு.

"நீங்க மனுஷங்களையும் இப்படித்தான் பார்ப்பீங்களா? முகத்தை விட்டுட்டு நேரா முதுகுக்குப் போயிடறீங்க."

அறையில் ஈரம் அதிகம். அலமாரிகளில் பாதிப் புத்தகங்கள் சல்லடையாகிவிட்டன. ஆனால் மூன்றாவது அலமாரியில், ஒரே பட்டறையில் கட்டப்பட்ட பதினொரு புத்தகங்கள் மட்டும் நேற்றுக் கட்டியவை போல இருந்தன. அட்டையைத் திறந்ததும் வரும் முதல் தாள் எல்லாவற்றிலும் ஒரே மஞ்சள். அட்டையின் உட்பக்கத்திலும் அதே தாள். பக்கத்துப் புத்தகத்தைத் துளைத்துக்கொண்டே வந்த பூச்சி, இவற்றின் ஓரம் வரை வந்து, அங்கேயே வளைந்து திரும்பிப் போயிருந்தது. அந்த வளைவைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். என் ஆய்வின் நான்காம் அத்தியாயம் அதைப் பற்றியது.

அதே மஞ்சள் தாள், பயன்படுத்தாத கட்டாகவும் கொஞ்சம் இருந்தது. அறையை ஒழித்தபோது வேண்டாதவற்றோடு வெளியே வைத்தார்கள். கேட்டு வாங்கி, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அது எட்டு மாதத்துக்கு முன்பு.

அக்கா காகிதம் செய்கிறவள். செய்த காகிதத்தைப் புத்தகமாகக் கட்டி, அந்தப் புத்தகத்தையே ஒரு சிற்பம் போல மேடையில் வைப்பாள். அவள் புத்தகங்களில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. இந்தக் கட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தாள்களைக் கிழித்துத் தொட்டியில் ஊறப்போட்டாள், அடித்துக் கூழாக்கினாள், சல்லடையில் அள்ளிப் புதிய தாளாக எடுத்து மொட்டை மாடியில் காயவைத்தாள். இரண்டு நாளில் எனக்குப் போன் வந்தது.

"அடியே, இது வெயில்ல வெளுக்குதுடி! ஒரு நாள் வெயிலுக்கு ஒரு நிறம். சாயமே போடாம எனக்கு நாப்பது நிறம் கிடைக்கப் போகுது."

அப்படித்தான் அந்தப் புத்தகம் பிறந்தது. முதல் தாள் வெயிலே படாதது. அடுத்தது ஒரு நாள் காய்ந்தது. அதற்கடுத்தது இரண்டு நாள். நாற்பதாவது தாள் கிட்டத்தட்ட வெள்ளை. கண்காட்சிக்கு வருகிறவர்கள் வெறும் கையால் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் விருப்பம். ஒரு நாற்பது தாள் சரியாக அமைய, முந்நூறு தாளாவது எடுத்திருப்பாள். பிடிக்காததை மறுபடி கூழாக்குவாள்.

தாள் விறைப்பாக நிற்க ஜெலட்டின் பூசியபின், பூச்சு பிடித்துவிட்டதா என்று பார்க்க அவள் ஓரத்தை நாக்கு நுனியில் வைப்பாள். தாள் நாக்கைப் பிடித்து இழுத்தால் இன்னொரு பூச்சு வேண்டும். வழுக்கினால் போதும். காகிதம் செய்கிறவர்கள் பலருக்கு இருக்கும் பழக்கம்தான். ஒவ்வொரு தாளையும் அப்படித்தான் பார்த்தாள்.

நான்காவது மாதம் வயிறு சரியில்லை என்றாள். ஆறாவது மாதம், கால்களில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள். டாக்டர் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"நாள் பூரா தொட்டிகிட்ட நின்னா எறும்பு ஊராம மயிலா வந்து ஆடும்?" என்று அவளே சிரித்துக்கொண்டாள்.

ஒன்பது நாளுக்கு முன், காலையில், ஒன்பதாவது புத்தகத்தின் மஞ்சள் தாளைத் தூக்கிப் பார்க்க விரலை நாக்கில் வைத்தேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். பைண்டர் அண்ணன். அவர் சத்தம் போட்டு அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"கையை எடுங்க! என்ன பண்றீங்க?"

"பக்கத்தைத் திருப்பறேன்."

"மஞ்சளைத் தொட்ட விரலை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. அதுக்குத்தானே பஞ்சு வச்சிருக்கு?"

ஒவ்வொரு மேசையிலும் ஒரு கிண்ணத்தில் நனைந்த பஞ்சு இருக்கும். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். சுத்தத்துக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு யாரும் சொல்லலையே அண்ணே."

"இங்க வேலைக்குச் சேர்ற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லுவோம். நீங்க வேலைக்கா சேர்ந்தீங்க? ஆராய்ச்சி பண்ண வந்தவங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"ஏன் கூடாது?"

"காரணம் எனக்கும் தெரியாது. பூச்சி திங்க மாட்டேங்குது. பூச்சிக்கு இருக்கிற புத்திகூட நமக்கு வேணாமா?"

அவர் தம் மேசைக்குத் திரும்பி ஊசியில் நூல் கோத்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். சுவரில் ஒரு நீர்த்துளி மெதுவாக இறங்கி, பாதி வழியில் நின்றது.

மதியத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மேல்தளத்தில், ரசாயனம் பற்றிய ஒரு பழைய சஞ்சிகையில் இருந்தது. தாளகம் என்றொரு மஞ்சள் கல். அதை அரைத்துப் பசையில் கலந்து தாளில் பூசினால் பூச்சி வராது. அந்தக் கல்லில் இருப்பது பாஷாணம், ஆர்சனிக். தாளில் பூசியபடி இருட்டில் கிடக்கும்வரை அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நாள்கணக்கில் வெளிச்சம் பட்டால் நிறம் போய் வெள்ளையாகும். அந்த வெள்ளை தண்ணீரில் கரையும், உடம்பில் ஏறும்.

அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தேன்.

அப்போதே அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கையில் போன் இருந்தது.

நான் கூப்பிடாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய முதல் புத்தகத்தைப் பார்த்து, "இந்தப் பசை பூசணம் பிடிக்கும்" என்று சொன்னேன். அன்றைக்கே அதைக் கிழித்துப் போட்டுவிட்டாள். பசையில் ஒரு குறையும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. இந்த முறை உறுதியாகத் தெரிந்தபின் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மஞ்சள் துண்டை உறையில் போட்டு, கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். எட்டு, பத்து நாள் ஆகும் என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஒன்பது நாளில் நான்காம் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். நான் எழுதியவற்றிலேயே நல்லது அதுதான்.

இடையில் இரண்டு முறை அவளோடு பேசினேன்.

"சாப்பிட்டியா?"

"என்னடி, அம்மா மாதிரி கேக்கற? சாப்பிட்டேன். கடைசித் தாளுக்குப் பூச்சு போட்டுக்கிட்டு இருக்கேன். சொல்லு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எங்களுக்குள் இந்த மாதிரி மௌனம் சகஜம். போனை வைக்காமல் ஆளுக்கொரு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் பக்கத்தில் தூரிகை தாளில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. தாளைத் தூக்கியிருப்பாள். வாய்க்குக் கொண்டுபோயிருப்பாள்.

இன்று காலை ஆய்வகத்திலிருந்து அவர் கூப்பிட்டார். பாஷாணத்தின் அளவைச் சொல்லவில்லை. "இதை யாரெல்லாம் கையால தொட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

பஸ்ஸில் போகும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒரு வாக்கியமும் அமையவில்லை. அவள் வீட்டுப் பின்வாசல் வழியாகத்தான் பட்டறைக்குப் போக வேண்டும். தொட்டித் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்தில் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் புல் கருகியிருந்தது. அதைத் தாண்டிக் கால் வைத்தேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டு தைப்பதுதான் அவள் வழக்கம்.

"வா வா. ஆராய்ச்சி அம்மாவுக்கு இன்னைக்கு லீவா?"

"அக்கா, ஊசியை வை."

"இரு, இந்த முடிச்சைப் போட்டுடறேன். கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

ஊசியை அவள் விரலிலிருந்து எடுத்தேன். அப்போதுதான் நகங்களைப் பார்த்தேன். பத்து விரலிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது, பாஷாணம் நகத்தில் விடும் தடம். அவள் கையைப் பிடித்தபடியே சொன்னேன். கல், பூச்சி, வெயில், வெள்ளை, நாக்கு என்று எல்லாவற்றையும் கோர்வை இல்லாமல் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில் மேசையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். நாற்பதாவது தாள் மேலே திறந்திருந்தது. வெயிலில் அது கண் கூசும் வெள்ளையாக இருந்தது.

"இதான் ரொம்ப மோசமா?"

"ஆமா."

"எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான்." என் பக்கம் திரும்பி, "நீ கொடுத்தப்போ தெரியுமா?" என்றாள்.

"சத்தியமா தெரியாதுக்கா."

"அது தெரியும் எனக்கு. அப்புறம்? எத்தனை நாளா தெரியும்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இன்று காலைதான் என்றால் அவள் நம்பியிருப்பாள். பாதி உண்மையும்கூட.

"ஒன்பது நாள்."

அவள் கையை என் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். கோபமாக இழுக்கவில்லை. மடியில் வைத்து, ஏதோ கணக்குப் போடுவது போல விரல்களைப் பார்த்தாள். ஒன்பது நாளில் எத்தனை தாளுக்குப் பூச்சு போட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இது எங்கள் வழக்கமான மௌனம் இல்லை. இதில் நான் மட்டும் இருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்க்கா. இப்பவே. டாக்டர்கிட்ட தாளையும் காட்டணும்."

"செருப்பு வாசல்ல இருக்கு."

எடுத்துக்கொண்டு வந்து அவள் முன் மண்டியிட்டேன். வலது காலைத் தூக்கிச் செருப்புக்குள் நுழைத்து, பின்பக்க வாரை இழுத்து மாட்டினேன். கொஞ்சம் இறுக்கிவிட்டேன் போல. தோலில் வார் பதிந்தது. வலித்திருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் எனக்கு மேலே, சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னடி," என்றாள், "மாட்டப் போறியா இல்லையா?"