ஜப்பான் வண்டிக்கு இரண்டு எலுமிச்சை

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு ஹாலில், சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஆறு வருடமாக ஒரு பழைய ஜப்பான் பைக் நிற்கிறது. என் கணவர் அசோகன் லீவு நாளெல்லாம் அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டுவார். ஆபீசுக்கு பஸ்ஸில் போவார்.

டேரில் என்கிற தெருமுனை மெக்கானிக், "ஒரு லோக்கல் கார்பரேட்டர் போடுங்க சார், உடனே ஸ்டார்ட் ஆயிடும்" என்றான்.

"லோக்கலா? ஜப்பான்காரன் பார்த்தா என்ன நினைப்பான்?" என்று இவர் குதித்தார். எந்த ஜப்பான்காரன் எங்கள் ஹாலுக்கு வரப்போகிறான்?

2001 ஆயுத பூஜை. தெருவில் ஆட்டோக்கள் எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு வரிசையாகக் கிளம்பின. இவரும் வண்டியைத் தெருவில் இறக்கி, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சை வைத்து, கிக்கரை மிதித்தார். முப்பது மிதி. வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

நான் குனிந்து எலுமிச்சைகளை எடுத்தேன்.

"ஏய், அத எங்க எடுத்துட்டுப் போற?"

"வருஷா வருஷம் பூஜையன்னிக்கு இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டுச் சாப்பிடறீங்களே சித்ரான்னம், அதுல புழிஞ்ச பழம் எதுன்னு நெனச்சீங்க?"