கதவுக்கு ஒரு மீட்டர்

சௌரிராஜன் அமெரிக்கா போகும்போது தன் காரை விஜயராகவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று மயிலாப்பூரில் சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. சாவியை ஒப்படைத்தார், காரை ஒப்படைக்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இன்ஜினைப் பதினைந்து நிமிஷம் ஓடவிட வேண்டும், கியரில் கை படக் கூடாது, முடிந்தால் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே எட்டிச் சாவியைத் திருப்பலாம் என்பதுவரை விளக்கிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு குடை. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், தன் கல்யாணத்தில் காசி யாத்திரைக்குப் புறப்பட்ட விஜயராகவன் குடையை விரித்த வேகத்தில் துணி தனியே கழன்று பறந்து நாதஸ்வரக்காரர் தலையில் போய் உட்கார்ந்தது. கையில் கம்பிதான் மிச்சம். பெண்ணுக்கு அண்ணாவான சௌரிராஜன் அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும், பந்தியில் ரசம் வரும் நேரத்தில், அந்தக் கதையைச் சொல்லத் தவறியதில்லை. "மாப்பிள்ளை கையில ஒண்ணக் குடுத்தா ரெண்டாத் திரும்பி வரும்" என்று முடிப்பார். இலைகள் குலுங்கும்.

இப்போது மனைவியோடு, மகள் கீர்த்தியையும் பேரனையும் அழைத்துவரத்தான் போயிருக்கிறார். வந்ததும் பேரனுக்கு ஆயுஷ்ஹோமம். இருநூறு பேர் சாப்பாடு, இருநூறு பேருக்கும் ரசம். அதற்குள் அவருக்கு இரண்டாவது கதை ஒன்று கிடைத்துவிடக் கூடாது என்பதே விஜயராகவனுடைய ஒரே பிரார்த்தனை.

பிரார்த்தனை செய்தவரே ஒரு காலையில் கியரைப் போட்டார். தெற்கு மாட வீதிவரை போய்க் கீரை வாங்கித் திரும்பலாம் என்று ஆசை. பாத்திரக் கடைக்காரர் ஆள் உயரக் குத்துவிளக்கு ஒன்றை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். கார் விளக்கில் உரசியதா, விளக்கின் உச்சியிலிருந்த அன்னம் காரைக் கொத்தியதா என்பதில் இன்றுவரை தெளிவில்லை. இடது பக்கக் கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அன்னத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பட்டறைக்குப் போகலாமென்றால் வடக்கு மாட வீதியில் இருக்கும் இரண்டு பட்டறைக்காரர்களும் சௌரிராஜனோடு காலை நடை போகிறவர்கள். ஆகவே வைத்தியம் வீட்டோடுதான். கைப்பேசியில் ஒரு வீடியோ பற்பசை தடவச் சொன்னது. தடவினார், கீறல் புத்துணர்ச்சியோடு பளிச்சிட்டது. இன்னொரு வீடியோ உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னது. எந்த நம்பர் உப்புத்தாள் என்று சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிட்டதால், வீட்டு ஜன்னலுக்கு வாங்கிய முரட்டுத் தாளையே எடுத்தார். விரல் நீளக் கீறல் பணியாரமாயிற்று.

பெயின்ட் வாங்க, கார் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு போனார். அந்தக் காரின் நிறம் வெங்காயச் சருகில் சிட்டிகை தங்கம் கலந்த மாதிரி ஒரு நிறம். கடைக்காரர் அந்த ஷேடு நின்றுபோய்ப் பல வருஷமாயிற்று என்று சொல்லி, கிட்டத்தட்ட அதேதான் என்று ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். டப்பாவுக்குள் வெங்காயமாக இருந்தது கதவில் காய்ந்ததும் சாம்பாரானது. அதைத் தேய்த்து எடுத்ததில் பணியாரம் ஊத்தப்பமாயிற்று.

"அண்ணா ஞாயித்துக்கெழம வந்துடுவான்," என்றாள் அவர் மனைவி பத்மாசனி. "இன்னும் ரெண்டு நாள் நீங்க தேய்ச்சேள்னா கதவே வேண்டாம், காத்தாவது வரும்."

அவளுக்கு அன்று தி.நகரில் ப்ளவுஸ் துணி எடுக்க வேண்டியிருந்தது. கூடப் போன விஜயராகவன் மாடியிலிருந்த ஒரு மேட்சிங் கடையில் ஒரு காட்சியைக் கண்டார். வைரவன் என்ற விற்பனைக்காரர் பத்மாசனியின் புடவையை ஒரு முறை பார்த்தார், ஒரே ஒரு முறை. நானூறு துணிச் சுருளுக்கு நடுவே கையை விட்டு ஒன்றை உருவினார். புடவை எது, துணி எது என்று தெரியவில்லை. ஜி.பி. ரோட்டில் உள்ளவர்களுக்குச் சிகப்பு ஏழு. இங்கே எழுபது, எழுபதுக்கும் தனித்தனிப் பெயர். கார்க்காரர்கள் எங்கே வர வேண்டுமென்று விஜயராகவனுக்கு அப்போது புரிந்தது.

மறுநாள் காரின் நிறமே அடித்திருந்த பெட்ரோல் டேங்க் வெளிமூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போனார்.

"பொடவை எங்கே சார்?" என்றார் வைரவன்.

விஜயராகவன் மூடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைரவன் கண் இமைக்கவில்லை. இருபத்தாறு வருஷம் பெண்களுக்கு மேட்சிங் எடுத்துக் கொடுத்த மனிதர். இதற்கெல்லாம் அசர மாட்டார்.

"பார்டர் என்ன கலருங்க?"

"கறுப்பு. பம்பர்."

ட்யூப்லைட்டை நம்பக் கூடாது என்று சொல்லி வைரவன் மூடியை மொட்டைமாடிக்கு எடுத்துப்போனார். வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம், தன் நெற்றிக்கு நேரே பிடித்து ஒரு தரம் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "இது வெங்காயச் சருகு இல்லீங்க. சருகை உரிச்சா உள்ளே மெல்லிசா இன்னொரு தோல் வருமே, அது."

கடைசி அலமாரியின் அடித்தட்டிலிருந்து வந்த துணியை மூடிமேல் வைத்ததும் மூடி காணாமல் போயிற்று. இருவரும் கையால் தடவித்தான் கண்டுபிடித்தார்கள். அதை நெய்த மில்லே மூடியாயிற்று, உலகத்தில் இந்த நிறத்தில் மிச்சம் இவ்வளவுதான், ஒரு மீட்டருக்குக் குறைந்து கிழிப்பதில்லை என்றார் வைரவன். லைனிங் வேண்டுமா என்றும் கேட்டார். உள்ளே தகரம் என்று விஜயராகவன் சொல்ல, அப்படியானால் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் போதும், சூடு பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று யோசனை சொன்னார்.

வீட்டுக்கு வந்த விஜயராகவன் துணியின் நட்டநடுவில் ஒரு தட்டைக் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி, வட்டமாக வெட்டினார். பத்மாசனி தலையில் அடித்துக்கொண்டாள். "ஓரத்துல வெட்டக் கூடாதா? மிச்சத்தை என்ன பண்றது, நடுவுல தலைய விட்டுண்டு நிக்கறதா?"

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த நெடுஞ்செழியன் கரிப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கதவையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சாரே, கதவுக்கு இஸ்திரியா? சைடுல பேன்ட் மாரி மடிப்பு எதுனா வெக்கணுமா?"

மடிப்பு வேண்டாம் என்றார் விஜயராகவன். நெடுஞ்செழியன் கதவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, மேலே ஈரத்துணி போட்டு, பெட்டியை வைத்து அழுத்தினார். கார் ஒரு பெருமூச்சு விட்டது. அதன்மேல் நிறமில்லாத நகப்பூச்சு பன்னிரண்டு பாட்டிலைப் பத்மாசனி பூசி முடித்தாள். காய்ந்தபின் மூவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். ஊத்தப்பம் எங்கே இருந்ததென்று ஊத்தப்பம் போட்டவருக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்திறங்கிய சௌரிராஜன் பெட்டிகளைக்கூட மேலே அனுப்பாமல் காரை மூன்று சுற்றுச் சுற்றினார். குனிந்தார், கண்ணாடி போட்டார், கழற்றினார். ஒன்றும் அகப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எண்ணப் போனார். இருந்தது ஒன்றுதான், அதையும் எண்ணினார்.

அந்த நேரத்தில்தான் அவர் மனைவி, பத்மாசனியின் மன்னி, கதவோரம் கையை ஊன்றினார். ஊன்றிய கை நின்றது. கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தார்.

"ப்ளவுஸ் துணி. டூ பை டூ," என்றார், தணிந்த குரலில். "எங்க கெடைச்சுது?"

கார் வாங்கியபோது நிறத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்த மன்னிதான் என்பது விஜயராகவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தன் பட்டுப் புடவையை ஷோரூமுக்கே கொண்டுபோய், வண்டிமேல் போர்த்திப் பார்த்து எடுத்தது. காருக்குப் புடவை பொருந்தியது; புடவைக்குத்தான் ப்ளவுஸ் பொருந்தவில்லை. பதினோரு வருஷமாக அது பீரோவில் படுத்துக் கிடந்தது. தி.நகரில் மன்னி ஏறாத கடை கிடையாது, வைரவன் கடையைத் தவிர. அது மாடி, அவருக்கு முழங்கால்.

"மிச்சம் இருக்கோல்லியோ?" என்றார் மன்னி.

"நடுவுல ஒரு ஓட்டை இருக்கு."

"இருக்கட்டும். கொண்டு வாங்கோ. நான் ஒண்ணையும் பாக்கல."

ஆயுஷ்ஹோமத்துக்கு முதல் நாள் ஐப்பசி மழை கொட்டியது. மழை விட்டதும், இரண்டு குடும்பமும் குடியிருந்த கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்திலிருந்து சௌரிராஜனின் குரல் மேலே வந்தது. விஜயராகவன் இறங்கிப்போனார். முதல் தண்ணீரில் துணி சுருங்கியிருந்தது. கதவில் வட்டமாக, அழகாக, துவைத்த சட்டைபோல் சுருக்கங்கள்.

"மாப்பிள்ளை," என்றார் சௌரிராஜன். அந்தக் குரலில் ரசத்தின் வாசனை அடித்தது. "என் வண்டி கசங்கியிருக்கே, ஏன்?"

விஜயராகவன் குடைக் கம்பியைப் பிடித்தது போலவே நின்றார். பின்னால் மன்னி, தைத்து வந்த ப்ளவுஸ் பொட்டலத்தோடு, முழங்காலைப் பிடித்தபடி வந்தார்.

"இந்த ஷேடு வண்டிக்கெல்லாம் மழை பட்டா அப்படித்தான் ஆகுமாம்," என்றார். "வாங்கறச்சயே சொன்னா. நீங்க லோன் பேப்பர் பாத்துண்டிருந்தேள். ஒரு இஸ்திரி போட்டா சரியாப் போயிடும்."

சௌரிராஜன் உலகத்தில் யார் சொன்னாலும் எதிர்க் கேள்வி கேட்பார், ஒருவரைத் தவிர. நெடுஞ்செழியனை அழைத்தார்கள். நாலு சொட்டுத் தண்ணீர், ஈரத்துணி, பெட்டி. பெருமூச்சு. கதவு பளிங்கானது. சௌரிராஜன் தடவிப் பார்த்து, வண்டி செய்த ஜப்பான்காரன் மூளையே தனி என்றார்.

ஆயுஷ்ஹோமத்தில் குழந்தையை யாரும் கவனிக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் மன்னி முதுகில் ஜன்னல் வைத்த ப்ளவுஸ் போட்டு வந்ததையே இருநூறு பேரும் பார்த்தார்கள். அப்படியொரு கச்சிதமான வட்டத்தை எந்தத் தையல்காரர் வெட்டினார் என்று கீர்த்தியின் சிநேகிதிகள் விலாசம் கேட்டார்கள். விஜயராகவன் அடக்கமாக இலையைப் பார்த்துக்கொண்டார். ரசம் வந்தது. சௌரிராஜன் குடைக் கதையைச் சொன்னார், இலைகள் குலுங்கின, கதை முடிந்தது. இன்னொன்று இல்லாததால் அடுத்து மோர் வந்தது.

இப்போதும் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை நெடுஞ்செழியன் சௌரிராஜன் வீட்டுக் கணக்கைப் படியிலிருந்தே உரக்கச் சொல்லிவிட்டுப் போவார்:

"சட்டை ஆறு, வேட்டி நாலு, கதவு ஒண்ணு."